பொங்காலை முடியட்டும், அக்கா

எங்கள் தேய்ப்பு வண்டி மணக்காட்டுப் பக்கம் ஒரு குறுக்குத் தெருவில், வாதாம் மரத்தடியில் நிற்கிறது. நான் கல்யாணமாகித் தென்காசிப் பக்கத்திலிருந்து திருவனந்தபுரம் வந்த நாள் முதல் அங்கேதான். துணி தேய்ப்பது என் வீட்டுக்காரர். வீடு வீடாகப் போய் மூட்டை வாங்குவதும், எண்ணுவதும், தேய்த்ததைத் திருப்பிக் கொடுப்பதும் நான். இது போக எனக்கு இன்னொரு வேலையும் உண்டு. கவலைப்படுவது. சிரட்டைக் கரியிலிருந்து பொறி பறந்து யாருடைய பட்டிலாவது விழுந்துவிடுமோ, திடீரென்று மழை பிடித்துக்கொள்ளுமோ, ஒரு வீட்டுச் சட்டை இன்னொரு வீட்டு மூட்டைக்குள் போயிருக்குமோ என்று உள்ளே ஏதாவது ஓடிக்கொண்டே இருக்கும். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். இன்னும் கொஞ்சம் படித்திருந்தால் எதற்குக் கவலைப்படலாம், எதை விட்டுவிடலாம் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்திருக்குமோ என்னவோ. எனக்கு எல்லாம் ஒரே எடை.

"ஏட்டி, கவலைக்குக் கூலி குடுத்தா நாம இந்நேரம் ரெண்டு மாடி கட்டியிருப்போம்," என்பார் அவர், இஸ்திரிப் பெட்டியை அழுத்திக்கொண்டே.

வண்டிக்கு நேர் எதிரே ஒரு மாடி வீடு. இரும்புக் கேட், உள்பக்கமாக எப்போதும் பூட்டு. பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற ஒருவரும் அவர் மனைவியும் அங்கே இருக்கிறார்கள். வேலைக்கு நிற்கிறவர்கள் எஜமானியைக் கொச்சம்மா என்று கூப்பிடுவது இந்த ஊர் வழக்கம். நாங்களும் அந்த அம்மாளை அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டோம். எங்களோடு பாதி தமிழும் பாதி மலையாளமுமாகப் பேசுவார். சிடுசிடுப்பு கிடையாது. ஓணம் வந்தால் எனக்குச் சேலையும் இவருக்கு வேட்டியும் எடுத்துத் தருவார்.

நான் சொல்ல வந்தது அவர் வீட்டில் வேலைக்கு நின்ற பெண்ணைப் பற்றி. வித்துராவுக்கு மேலே மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லய வீட்டிலிருந்து வந்தவள். தமிழ்ப்பெண். தோட்டத்தில் வேலை குறைந்துபோய், அம்மாவும் அவளுமாகத் தவித்துக்கொண்டிருந்தபோது யாரோ தெரிந்தவர் வழியாக இங்கே சேர்ந்திருக்கிறாள். வரும்போது பதினெட்டு முடிந்திருந்தது. மெலிந்த உடம்பு, வேகமான கை.

"சொந்த மோளப் போலயாக்கும் நான் அவளை நோக்கறது," என்பார் கொச்சம்மா. தெருவில் எல்லோரும் அதையே சொல்வார்கள். மூன்று வேளைச் சாப்பாடு, நல்ல உடுப்பு, காற்றோட்டமான வீடு, அந்தப் பெண்ணுக்கு அதிர்ஷ்டம் என்பார்கள்.

வீட்டை விட்டு அவள் தனியாக வருவது ஒரே ஓர் இடத்துக்குத்தான். எங்கள் வண்டிக்கு. கொச்சம்மா மாடி வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு கேட் சாவியைக் கொடுத்தனுப்புவார். அவள் தெருவைக் குறுக்கே கடந்து மூட்டையைப் போட்டுவிட்டு, திரும்பிப்போய்ப் பூட்டிச் சாவியை ஒப்படைக்க வேண்டும். மாடியிலிருந்து பார்த்தால் நாங்கள் நன்றாகத் தெரிவோம். பேச்சு மட்டும் கேட்காது.

அதனால் அவளும் நானும் பேசியதெல்லாம் துணி எண்ணுகிற சாக்கில் பேசியதுதான். ஒரு சட்டையை எடுத்து உதறுவேன். காலரைப் பார்ப்பேன். பொத்தான் எல்லாம் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பேன். அதற்குள் அவள் குனிந்த தலை நிமிராமல் இரண்டு விஷயம் சொல்லியிருப்பாள். அடுத்த சட்டைக்கு இன்னும் இரண்டு. எண்ணிக்கை எனக்குத் தவறிப்போகும். மறுபடியும் முதலிலிருந்து எண்ணுவேன். மூட்டை பெரிதாக இருந்தால் எங்களுக்கு விசேஷம்.

இப்படித் துண்டு துண்டாகத்தான் எனக்கு அது தெரிந்தது. வந்த அன்றே அவள் ஃபோனை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டார்களாம், பெண்பிள்ளை கையில் ஃபோன் இருந்தால் கெட்டுப்போகும் என்று. பள்ளிக்கூடச் சர்டிஃபிகேட்டும் ஆதாரும் அதே அலமாரியில். சம்பளம் என்று கையில் எதுவும் வருவதில்லை. கல்யாணத்துக்குச் சேர்த்து வைக்கிறோம் என்று சொல்கிறார்கள். இங்கே சமையல் முடிந்ததும் காரில் ஏற்றி மகள் வீட்டுக்குக் கொண்டுபோய் அங்கே துவைக்கவும் துடைக்கவும் விடுகிறார்கள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டு ஊருக்குப் போக லீவு கேட்டதற்கு அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார்களாம். அந்த அடுத்த மாதம் வரவே இல்லை.

"படுக்கறது எங்கட்டி?" என்று ஒருநாள் கேட்டேன், தலையணை உறையை உதறிக்கொண்டே.

"ஸ்டோர் ரூம்ல, அக்கா. நான் படுத்ததும் வெளியிலேர்ந்து கொண்டி போட்டுருவாங்க. பயமில்லாம தூங்கறதுக்காம்."

"அப்ப பாத்ரூம் வந்தா?"

"வராம பாத்துக்குவேன்."

அந்த உறையை எத்தனையாவதாக எண்ணி வைத்தேன் என்று எனக்கு ஞாபகமில்லை. அன்றைக்குத் தேய்த்துக் கொடுத்த மூட்டையில் ஒன்று கூடுதலாகவே போயிருக்கும்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. இவரிடம் சொன்னேன். சொல்லும்போதே இன்னொரு கவலையும் சேர்ந்துகொண்டது. நாம் தலையிட்டது தெரிந்தால் அந்த வீட்டு ஐயா ஒரு ஃபோன் போட்டாலே போதும், வண்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். நாம் தமிழ்நாட்டுக்காரர்கள், யார் கேட்பார்கள்?

அவர் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "போனாப் போட்டும். இந்த மரம் இல்லன்னா வேற மரம். இந்த ஊர்ல மரத்துக்கா பஞ்சம்? நீ ஆரையாவது கேளு."

யாரைக் கேட்பது? முனையிலுள்ள ஃப்ளாட்டில் ஒரு வக்கீல் பெண் இருக்கிறாள். மலையாளி. கறுப்புக் கோட்டு தேய்க்கத் தருவாள். சின்ன வயது, ஆனால் என்னிடம் நின்று பேசுகிறவள். கோட்டைக் கொண்டுபோய்க் கொடுக்கும்போது, எங்கள் ஊரில் ஒரு வீட்டில் இப்படி ஒரு பெண் இருக்கிறாளாம் என்று யாரோ சொன்னதைப் போல ஆரம்பித்து, பூட்டு, ஃபோன், கொண்டி என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

அவள் கோட்டைக் கையில் போட்டுக்கொண்டு என்னையே பார்த்தாள். "சேச்சி, உங்க ஊர்லயும் அந்த வீட்டுக்கு எதிர்ல வாதாம் மரம் உண்டா?"

எனக்கு முகம் சிவந்துவிட்டது. அவள் சிரித்துவிட்டு என்னை உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்தாள். ஃபோனையும் பேப்பர்களையும் பிடித்து வைப்பது, சம்பளம் தராமல் வேலை வாங்குவது, வெளியே போக விடாமல் பூட்டுவது, இவை எல்லாம் சட்டப்படி குற்றம் என்றாள். "ஸ்நேகத்தோட செஞ்சாலும் அடிமைப் பணி அடிமைப் பணிதான், சேச்சி. நாளைக்கே ஆபீசரையும் போலீஸையும் கூட்டிட்டு நான் வரலாம். ஆனா அவள் மேஜர். முதல்ல அவள்கிட்டக் கேக்கணும். அவளுக்கு எப்படி வேணுமோ அப்படி."

அடுத்த மூட்டையில் கேட்டேன். போலீஸ் என்றதும் அவள் கையிலிருந்த சட்டையைக் கீழே வைத்துவிட்டாள். வேண்டாம் என்று தலையாட்டினாள். ஏன் என்று தெரிந்துகொள்ள எனக்கு அடுத்த வார மூட்டைவரை ஆயிற்று.

கொச்சம்மாவின் மகள் வீட்டில் இவளுக்கு முன்னால் வேலைக்கு நின்றவளும் அதே லயத்துப் பெண்தானாம். பொறுக்க முடியாமல் ஒருநாள் சுவர் ஏறி ஓடிவிட்டாள். ஓடிய அன்று அந்த வீட்டில் ஒரு தங்க மாலையைக் காணோம் என்று பேச்சு வந்தது. மாலை வேறெங்கோ கிடைத்ததோ இல்லையோ, அது யாருக்கும் தெரியாது. பேச்சு மட்டும் மலை ஏறி அந்த லயம்வரை போய்விட்டது.

"அவ எடுக்கல, அக்கா. எனக்குத் தெரியும். ஆனா அங்க இப்பவும் அவளுக்கு மாலைக்காரின்னுதான் பேரு. அவங்கம்மா தண்ணி பிடிக்கப் போனாக்கூட மாலைக்காரி அம்மா வாறான்னு சொல்றாங்க." அடுத்த சட்டைக்குச் சொன்னாள்: "நான் போறப்ப ஓடிப் போகக் கூடாது. வெறுங்கையோட போறேன்னு நாலு பேரு கண்ணால பாக்கணும். அப்படின்னா போறேன். இல்லன்னா இங்கயே கெடக்கேன்."

எனக்கு அது பெரிய பிடிவாதமாகத் தோன்றியது. முதலில் வெளியே வா, பேரைப் பிறகு பார்க்கலாம் என்றுதான் நான் நினைத்தேன். வக்கீல் பெண் அப்படி நினைக்கவில்லை. "அவள் கேக்கறது நியாயம்," என்றாள்.

நாலு பேர் பார்க்கிற இடம் எது என்பதையும் அந்தப் பெண்ணேதான் கண்டுபிடித்தாள். ஆற்றுக்கால் பொங்காலை. கும்ப மாதத்தில், அதாவது நம் மாசியில், ஒரு நாள் நகரம் முழுக்கப் பெண்கள் தெருவில் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டி, மண்பானையில் பகவதிக்குப் பொங்கல் இடுகிறார்கள். எங்கெங்கிருந்தோ வருவார்கள். அன்றைக்குத் தெருவெல்லாம் பெண்கள்தான். ஆண்களுக்குத் தண்ணீர் கொடுக்கிற வேலை மட்டும். கொச்சம்மா வருஷா வருஷம் கோவிலுக்குப் பக்கத்திலேயே இடம் பிடித்துப் பொங்காலை இடுகிறவர். இப்போது முட்டுவலி, குத்தவைத்து உட்கார முடியாது. அடுப்பு மூட்டவும் கிண்டவும் இவளைக் கூட்டிப்போகப் போகிறார்.

"எனக்கும் ஒரு சின்னப் பானை வெக்கட்டுமான்னு கேட்டேன். வெச்சுக்கோன்னாங்க," என்றாள். அந்த வாரம்தான் முதல் தடவையாக அவள் தலை நிமிர்ந்து பேசியதைப் பார்த்தேன்.

அந்தப் பானையை நான் வாங்கித் தருவதாகக் கொச்சம்மாவிடம் போய்ச் சொன்னேன், எனக்கு ஒரு நேர்த்திக்கடன் இருக்கிறது என்று. அவர் சந்தோஷப்பட்டார். பானையும் அரிசியும் வெல்லமும் வாங்க நானும் இவருமாகச் சாலைக் கடைத்தெருவுக்குப் போனோம். அரிசிக் கடையில் பில் தந்தார்கள். பானை விற்கிற அண்ணாச்சி தரவில்லை. நான் கேட்டேன்.

"எதுக்கு?"

"இந்தப் பானை நாங்க வாங்கினதுதான்னு பின்னாடி யாராவது கேட்டா?"

"பானைய ஆரும்மா கேக்கப்போறா?"

"கேட்டா?"

அண்ணாச்சி என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "வீட்ல எல்லாரும் சுகந்தானே?"

"இவ ஒருத்தி போக எல்லாரும் சுகம்," என்றார் இவர். கடைசியில் அண்ணாச்சி ஒரு சிகரெட் அட்டையைக் கிழித்து, மண்பானை ஒன்று என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுத் தந்தார். வீடு வந்து சேரும்வரை இவர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

பொங்காலைக்கு இரண்டு நாள் முன்னாலேயே கொச்சம்மாவின் டிரைவர் கோவில் பக்கத்து ஒரு சந்தில் செங்கல் வைத்துவிட்டார். அதை ஒட்டி இவர் எனக்கும் செங்கல் வைத்தார். அந்த ஒரு வாரம் எங்களுக்கு ஒரே கசவுச் சேலைதான். எல்லா வீட்டிலிருந்தும் சந்தன நிறத்தில் தங்கக்கரை போட்ட சேலையாக வந்து குவிந்துகொண்டிருந்தது. இவருக்குக் கை ஓயவில்லை. கொச்சம்மா வீட்டு மூட்டையிலும் புதிதாக ஒன்று, பழையதாக ஒன்று. பழையதன் முந்தியில் சின்னதாக ஒரு மஞ்சள் கறை. தேய்த்து, மடித்து, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பொங்காலை அன்று விடியும் நேரம். சந்து இரண்டு பக்கமும் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு ஒரு பக்கம் நாகர்கோவிலிலிருந்து வந்த ஓர் அத்தை, எதிரே கொல்லத்துச் சேச்சிமார் இரண்டு பேர். சற்றுத் தள்ளி வக்கீல் பெண்ணும் ஒரு பானையோடு உட்கார்ந்திருந்தாள். முனையில் நின்ற பெண் போலீஸ் ஒருவரிடம் அவள் ஏற்கெனவே விஷயத்தைச் சொல்லி, தேவைப்பட்டால் மட்டும் வரும்படி கேட்டுவைத்திருந்தாள். எல்லாம் சரியாக இருந்தது. அப்போதுதான் கொச்சம்மா கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண் வந்தாள்.

கசவுச் சேலையில் வந்தாள். முந்தியில் மஞ்சள் கறை.

வெறுங்கையோடு போக வேண்டும் என்று இத்தனை யோசித்தவர்கள் உடம்பில் இருப்பதை யோசிக்கவே இல்லை. தேய்ப்புக்காரர்களுக்கு மட்டுமே வரக்கூடிய புத்திக்கேடு அது. எங்களுக்குத் துணி என்றால் மூட்டை. அதற்குள் யாரோ ஓர் ஆள் நுழைந்துகொள்ளும் என்பது மறந்தே போய்விடும். நேற்று என் கையால் மடித்துக் கொடுத்த சேலை. இதோடு அவள் போனால், சேலையோடு ஓடிவிட்டாள் என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்?

கல் சரி செய்கிற சாக்கில் அவள் பக்கத்தில் குனிந்தேன். "இந்தச் சேலை..."

"தெரியும், அக்கா. இன்னைக்குக் கட்டிக்கறதுக்கு மட்டும் தந்தாங்க. உங்ககிட்ட மாத்துச் சேலை இருக்கா?"

இருந்தது. பொங்காலை நாளில் பொறி பட்டு யாருக்காவது சேலை பொசுங்கிவிடும் என்று நான் எப்போதும் ஒரு மாற்றுச் சேலை கொண்டுபோவேன். தீப்புண் மருந்து, டார்ச், குடை, கயிறு இவையும். கயிறு எதற்கு என்று எனக்கே தெரியாது.

அவள் நேரே கொச்சம்மாவிடம் போய் நின்றாள். "கொச்சம்மா, நல்ல சேலை. கரி பட்டா போகாது. அக்காகிட்ட பழசு இருக்கு, மாத்திக்கட்டுமா?"

"அது நன்னாயி," என்றார் கொச்சம்மா, முகம் மலர்ந்து. பக்கத்து அத்தையிடம் திரும்பி, "கண்டோ, எத்ர பொறுப்பான குட்டி! நான் வளத்தது," என்றார்.

அன்றைக்கு அந்தப் பக்கத்து வீடுகள் எல்லாம் கதவைத் திறந்து போட்டிருக்கும். யாரும் உள்ளே போய்க் கைகால் கழுவிக்கொள்ளலாம். அப்படி ஒரு வீட்டில் போய் அவள் என் நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். அது அவளுக்குச் சற்று நீளம். கசவுச் சேலையை மடியில் வைத்து, வண்டியில் மடிப்பது போலவே கரையோடு கரை சேர்த்து மடித்துக் கொடுத்தேன். அவள் அதை இரண்டு கையாலும் கொண்டுபோய்க் கொச்சம்மாவிடம் தந்தாள். நாகர்கோவில் அத்தையும் கொல்லத்துச் சேச்சிமாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கோவிலிலிருந்து தீ புறப்பட்டது என்று மைக்கில் சொன்னார்கள். அடுப்பிலிருந்து அடுப்புக்குக் கை மாறி மாறி வந்து எங்கள் சந்துக்கும் சேர்ந்தது. அத்தை தன் அடுப்பிலிருந்து எனக்குத் தந்தாள், நான் அந்தப் பெண்ணுக்குத் தந்தேன், அவள் முதலில் கொச்சம்மாவின் அடுப்பை மூட்டிவிட்டுப் பிறகு தன்னுடையதை மூட்டினாள். புகை வந்து மூடிக்கொண்டது. கண்ணைத் திறக்க முடியவில்லை. இரண்டு பானைக்கு நடுவில் அவள் மாறி மாறி ஊதிக்கொண்டும் கிண்டிக்கொண்டும் இருந்தாள். கொச்சம்மாவின் பானை முதலில் பொங்கியது. அவளுடைய சின்னப் பானை அதற்குப் பின்னால்.

பொங்கிய பிறகுதான் காத்திருப்பு. நைவேத்தியம் மதியம் தாண்டித்தான். வெயில் ஏறியது. கொச்சம்மாவுக்கு முட்டு தாங்கவில்லை. நிழலில் கொஞ்சம் சாய்ந்துகொள்கிறேன் என்று பின்னால் இருந்த வீட்டுக்குள் போய்விட்டார். பானை இரண்டும், நடுவில் அவளும். காவலுக்கு ஆள் யாரும் இல்லை.

எனக்கு உட்கார இருப்புக்கொள்ளவில்லை. "ஏட்டி, இப்பப் போயிரலாம். சேலை குடுத்தாச்சு. எல்லாரும் பாத்தாச்சு. இன்னும் என்ன?"

"பொங்காலை முடியட்டும், அக்கா."

"அந்த அம்மா வந்து கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயிட்டா? அழுதா? நீ எரக்கப்பட்டு நின்னுட்டா?"

"அவங்க பானைய பாதியில விட்டுட்டுப் போனேன்னு ஆகக் கூடாது." அவள் முகத்தில் வியர்வையும் கரியும். "அவங்க இல்லாதப்போ போனா அதுவும் ஓடறதுதானே?"

நான் வக்கீல் பெண்ணைப் பார்த்தேன். அவள் தோளைக் குலுக்கிவிட்டு விசிறிக்கொண்டாள். மோர் கொடுக்கிறவர்களோடு என் வீட்டுக்காரர் ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார். எனக்கு ஒரு டம்ளர் மோர் ஊற்றிவிட்டு, "நீ குடி. அவளுக்கு வேண்டாம், அவ நல்லா இருக்கா," என்று சொல்லிவிட்டுப் போனார்.

நைவேத்தியத்துக்குப் பூசாரி வந்து தீர்த்தம் தெளித்துக்கொண்டே போனார். எல்லோரும் குரவையிட்டார்கள். கொச்சம்மா வெளியே வந்து கைகூப்பிக் கண்ணை மூடி நின்றார். திறந்ததும், "ரெண்டு பானையும் எடு மோளே, வீட்டுக்குப் போகலாம்," என்றார்.

அவள் கொச்சம்மாவின் பானையை வாழை இலையால் மூடி, துணி சுற்றி, அவர் காலடியில் வைத்தாள். தன் பானையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"இது உங்க பானை, கொச்சம்மா. இது என்னது. நான் எங்கம்மாகிட்டப் போறேன். இனி வேலைக்கு வரல."

கொச்சம்மாவுக்கு முதலில் புரியவில்லை. சிரிக்கக்கூடச் செய்தார். பிறகு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். என்னைப் பார்த்தபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன். வக்கீல் பெண் எழுந்து வந்து நின்றதும்தான் அவருக்கு எல்லாம் தெரிந்தது.

"நினக்கு என்ன குறை வெச்சேன்? சொல்லு. என் மோளுக்கு என்ன தந்தேனோ அதெல்லாம் நினக்கும் தந்தேனே?"

"ஆமா, கொச்சம்மா. ஆனா உங்க மகளைக் கொண்டி போட்டுப் பூட்டலியே."

கொல்லத்துச் சேச்சிகளில் ஒருத்தி கையை வாயில் வைத்தாள். கொச்சம்மாவின் முகம் வெளுத்தது. பிறகு, எது வரக் கூடாது என்று நாங்கள் பயந்துகொண்டிருந்தோமோ அது அவர் வாயிலிருந்து வந்தே விட்டது. "அப்படின்னா ஒரு காரியம். நான் போய் அலமாரி நோக்கட்டே. அது முடிஞ்சு போ."

நாகர்கோவில் அத்தைக்குப் பொறுக்கவில்லை. "என்னத்தப் பாக்கப் போறீய? விடிஞ்சதுலேர்ந்து எங்க முன்னாலதான இருக்கா. உடுத்த சேலையையும் கழத்தித் தந்துட்டா. இனி அவ முதுகுத் தோல உரிச்சா பாக்கணும்?"

"வேண்டாம், அத்தை," என்றாள் அந்தப் பெண். கொச்சம்மாவைப் பார்த்து, "நீங்க பாத்துட்டு வாங்க. நான் இங்கயே நிக்கேன்."

வக்கீல் பெண் கொச்சம்மாவின் கையைத் தாங்கிக்கொண்டு கூடவே போனாள். அந்த முட்டோடு அவர் விந்தி விந்தி நடந்து போனதைப் பார்த்தபோது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் என்னுடைய பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. வயதான அம்மாள், எதையாவது எங்கேயாவது வைத்து மறந்திருந்தால்? ஒரு வளையல் கைமறதியாகப் போயிருந்தால்? எத்தனை வீட்டில் எத்தனை பொருள் காணாமல் போய் எங்கள் மூட்டைக்குள்ளிருந்து வந்திருக்கிறது! சட்டைப் பையில் மோதிரம், தலையணை உறைக்குள் காது கம்மல். இதை அவளிடம் சொல்லவில்லை. அத்தையிடம் சொன்னேன். அத்தை, "நீ வாய வெச்சுக்கிட்டு சும்மா இரி பிள்ள," என்றாள்.

பொங்காலை முடிந்தால் பெண்கள் பானையோடு கலைந்துவிடுவார்கள். பஸ் பிடிக்க வேண்டும், ரயில் பிடிக்க வேண்டும். அன்று எங்கள் சந்தில் எங்களைச் சுற்றி இருந்தவர்கள் கலையவில்லை. அத்தை பானையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தாள். கொல்லத்துச் சேச்சிமார் பொதியைப் பிரித்துத் தெரளி இலையில் அவித்த கொழுக்கட்டையை எல்லோருக்கும் கொடுத்தார்கள். அந்தப் பெண் வாங்கித் தின்றாள். நான் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

தெருவைச் சுத்தம் செய்கிறவர்கள் வந்துவிட்டார்கள். செங்கல்லைப் பொறுக்கி லாரியில் போட்டுக்கொண்டே வந்தவர்கள் எங்கள் முன்னால் வந்து நின்றார்கள். "சேச்சிமாரே, பொங்காலை கழிஞ்ஞல்லோ. மாறணும், கல்லு எடுக்கணும்."

"ஒரு ஃபோன் வரணும். வந்துட்டுத்தான் மாறுவோம்," என்றாள் கொல்லத்துச் சேச்சி, மலையாளத்தில்.

"ஆருடெ ஃபோன்?"

"எங்க எல்லாருக்கும் உள்ள ஃபோன்."

அவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எங்களைச் சுற்றியிருந்த கற்களை மட்டும் விட்டுவிட்டு அடுத்த வரிசைக்குப் போனார்கள்.

ஃபோன் வந்தது. என் ஃபோனில்தான். பதற்றத்தில் எதை அமுக்குவது என்று தெரியவில்லை. அத்தை பிடுங்கி அமுக்கி ஸ்பீக்கரில் போட்டாள். வக்கீல் பெண்ணின் குரல். "சேச்சி, எல்லாரும் கேக்கற மாதிரி பிடிங்க. அம்மா பேசறாங்க." நான் ஃபோனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தேன்.

கொஞ்ச நேரம் மூச்சு வாங்குகிற சத்தம். பிறகு கொச்சம்மா சொன்னார்: "ஒந்நும் போயிட்டில்லா."

"என்னது? ஒரக்கச் சொல்லணும்," என்றாள் அத்தை.

"ஒண்ணும் போகல! எல்லாம் இங்க இருக்கு. அவள் ஒண்ணும் எடுத்திட்டில்லா."

கொல்லத்துச் சேச்சி குரவையிட ஆரம்பித்தாள். இன்னொருத்தி சேர்ந்துகொண்டாள். என்ன விஷயம் என்றே தெரியாத பக்கத்துச் சந்துக்காரிகளும் பகவதிக்குத்தான் போல என்று சேர்ந்து இட்டார்கள். நான் கையிலிருந்த கொழுக்கட்டையைத் தின்றேன். அவள் பானையை இடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, சேலைத் தலைப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

ஃபோனையும் சர்டிஃபிகேட்டையும் ஆதாரையும் வக்கீல் பெண் வாங்கிக்கொண்டு வந்தாள். சம்பளத்துக்காகவும் மற்றதற்காகவும் பிற்பாடு அவளைக் கூட்டிக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினாள். அது இழுத்தடித்துத்தான் முடிந்தது. முடிந்தது என்பதே எனக்கு ஆச்சரியம். அன்றைக்கு அவள் வித்துரா பஸ்ஸில் ஏறும்போது நானும் கூடப் போகிறேன் என்றேன். "அவ மலையில பொறந்தவ. நீதான் வளைவுக்கு வளைவு வாந்தி எடுப்ப. எறங்குட்டி," என்றார் என் வீட்டுக்காரர்.

லயத்துக்குப் போய்ச் சேர்ந்த மறுநாள், மாலைக்காரி என்று பேரெடுத்த பெண்ணின் அம்மா அவள் வீட்டுக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தாளாம். வக்கீல் பெண்ணின் நம்பரை அவர்களுக்கும் கொடுத்ததாகச் சொன்னாள். அந்த வழியாக இப்போது மலையிலிருந்து வேலைக்கு வருகிற பெண்கள், வரும் முன்னால் அந்த நம்பருக்கு ஒரு ஃபோன் போட்டு எந்த வீடு, என்ன வேலை என்று சொல்லிவிட்டுத்தான் வருகிறார்களாம்.

எங்கள் வண்டியை யாரும் தூக்கவில்லை. கொச்சம்மா கொஞ்ச காலம் துணி தரவில்லை. பிறகு ஒருநாள் அவரே மூட்டையைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்து வந்தார். "அவளுக்குச் சுகமா?" என்று கேட்டார். சுகம் என்றேன். காலையில் வந்து மதியம் போகிற ஓர் அம்மாளை இப்போது வேலைக்கு வைத்திருக்கிறார். அவள் வந்து போவதற்காகப் பகலில் கேட் திறந்தே கிடக்கிறது.

அம்மாவுக்கு உடம்பு தேறியதும் அவள் திரும்பவும் இந்த ஊருக்கே வந்தாள், தானாக. வேலை பார்க்கும் பெண்கள் தங்குகிற ஒரு ஹாஸ்டலில் சமையல் வேலை. மாதச் சம்பளம் அவள் ஃபோனுக்கே வருகிறது. ஞாயிற்றுக்கிழமை லீவு. லீவு நாளில் எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போவாள்.

போன ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. சோறு ஆறியது. ஃபோன் போட்டேன், எடுக்கவில்லை. மறுபடியும் போட்டேன். ஹாஸ்டலுக்குப் போட்டால் காலையிலேயே புறப்பட்டுப் போயாச்சு என்றார்கள். எங்கே என்று கேட்டால், லீவு நாளில் நாங்கள் கேட்பதில்லை என்றார்கள். கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். இவர் கதவில் சாய்ந்துகொண்டு, "கயிறு எடுத்துக்கிட்டியா?" என்றார்.

சாயங்காலம் வந்து நின்றாள். பாவாடை ஓரமெல்லாம் ஈரம், காலில் மணல்.

"எங்கட்டி போன?"

"சங்குமுகத்துக்கு, அக்கா. கடல் பாக்க."

"யாரோட?"

"யாரோடயும் இல்ல."

"எதுக்கு?"

யோசித்துப் பார்த்தாள். "சும்மா," என்றாள்.

ஃபோனை எடுத்திருக்கலாமே என்று திட்டினேன். எடுக்கத் தோன்றவில்லை என்றாள். திட்டிக்கொண்டே சோற்றைச் சூடு பண்ணினேன். கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, நன்றாகப் பிசைந்து சாப்பிட்டாள். அடுத்த ஞாயிறு பொன்முடிக்குப் போகப்போகிறாளாம். அங்கே குளிரும், காலை பஸ்ஸை விட்டால் கஷ்டம், திரும்பி வரும் பஸ்ஸில் கூட்டம் இருக்கும். எல்லாவற்றையும் சொன்னேன். "சரி அக்கா, சரி அக்கா," என்று கேட்டுக்கொண்டே மோருக்குத் தட்டை நீட்டினாள்.